பாலு மாமாவின் பூப்போட்ட சட்டை

நேற்று மந்தாரக்குப்பம் தையல்கடையில், என் ரவிக்கை போக மிஞ்சிய பூத்துணியைப் பிடித்துக்கொண்டு, தனக்கு அதில் சட்டை வேண்டுமென்றான் மகன். “பொட்டப் புள்ள துணியாச்சேம்மா?” என்றார் தையல்காரர். ஊர் சிரித்தால் பிள்ளை தாங்குவானா? வீட்டில் அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன். உப்புப் போடுவதையே இரண்டு முறை யோசிப்பவள் நான். ஆனால் புதுத்துணியின் கஞ்சி வாசம் கையைவிட்டுப் போகவில்லை. கூடவே பாலு மாமாவும் நினைவில் வந்துவிட்டார்.

அறுபதுகளில் சுரங்கக் குடியிருப்பில், எங்கள் பிளாக்கில் எதிர் குவார்ட்டர்ஸ் அவருடையது. அவரும் ரத்தினம் மாமாவும் சுரங்கத்தில் ஒரே ஷிப்ட். ஒரே வீடு, ஒரே சைக்கிள். கணவன் மனைவியாகவே வாழ்ந்தார்கள் என்பது வளர்ந்த பிறகுதான் புரிந்தது. புரிந்ததால் பிரியத்தில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கிளப் நாடகத்தில் வருடா வருடம் பாலு மாமாதான் கதாநாயகி. அவர் அழுதால் முந்தானையில் மூக்கைச் சிந்தாத பெண் கிடையாது. அப்புறம் மெட்ராஸிலிருந்து நடிகைகளை வரவழைத்தார்கள். மாமாவுக்கு மிஞ்சியது சினிமாவில் பார்த்துப் பழகிய வேடம்: இடுப்பை ஆட்டி நடந்து உதை வாங்கும் ஆண்.

அந்தத் தீபாவளிக்கு என் கவுன் போக மிஞ்சிய மஞ்சள் பூத்துணியை அம்மாவிடம் கேட்டு வாங்கி, உடம்பைப் பிடிக்கிற மாதிரி சட்டை தைத்துக்கொண்டார். அதைப் பார்த்த கிளப் செயலாளர், “மேக்கப்பே வேணாம் பாலு. இதோட வந்து நின்னாப் போதும், ஜனம் சிரிச்சுடும்” என்றார்.

“போன வருசம் அழுத ஜனம்தானே சார்? நான் வரலை.”

“அப்ப இனிமே உனக்கு மேடையே கிடையாது.”

“கீழ நாற்காலி கீதுல்ல?”

நாடகத்தன்று அதே சட்டையில் முதல் வரிசையில், ரத்தினம் மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பின்னாலிருந்து ஒரு குரல்: “யோவ், யாரு வூட்டுப் பாவாடைய்யா அது?”

நான் ஓடிப்போய் அவர் மடியில் ஏறிக்கொண்டேன். என் கவுனும் அதே துணி.

மாமா திரும்பினார். “எங்க வூட்டுதுதான்யா. தோ, பொண்ணும் போட்டுகினு கீது பாரு!”

அந்த மேடை இன்று இல்லை. ஆண்கள் பெண்ணாக நின்று ஊரை அழவைத்த நாடகமும் இல்லை. மாமாக்கள் வேலை முடிந்து எந்த ஊருக்குப் போனார்களோ. அந்தக் கேலிச் சிரிப்பு மட்டும் போகவில்லை. டிவியில் இடுப்பை ஆட்டிக்கொண்டு வருகிறது. வரட்டும்.

இன்று மகனோடு மறுபடி கடைக்குப் போனேன்.

“வூட்டுல சார் இன்னாம்மா சொன்னாரு?”

“கேக்கலைங்க. அளவெடுங்க.”