கைநீளச் சூரியக் குடும்பம்

“கையை இறக்குங்கடா! பூமிக்கு ஏதுடா கை?”

அறிவியல் ஆசிரியை இபு வெனிங்கின் குரல் என் வகுப்புச் சன்னல் வழியாக வந்து விழுகிறது. எங்கள் ஊரில் மரியாதைக்குப் பெண்களை ‘இபு’ என்றும் ஆண்களை ‘பாக்’ என்றும் அழைப்போம். பக்கத்து அறையில் பெருக்கல் வாய்ப்பாடு நடத்துகிறவள் நான். அவள் மைதானத்தில் இறங்கிவிட்டால் என் பிள்ளைகளில் ஒருவரும் கரும்பலகையைப் பார்ப்பதில்லை.

புத்தகப் படத்தில் எட்டுக் கோள்களும் பேருந்துக்கு நிற்பவர்களைப் போல நெருக்கியடித்து நிற்பது அவளுக்கு ஆகாது. பிள்ளைகளையே கோள்களாக நிறுத்தித்தான் நடத்துவாள். தலையில் மஞ்சள் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு நடுவில் ஒருவன் சூரியன். புதன் முதல் செவ்வாய் வரை அவன் காலடியில். வியாழன் கொடிமரத்தருகே. நெப்டியூன் மதில் ஓரம், இறைச்சி உருண்டை சூப் விற்கும் வண்டிக்குப் பக்கத்தில். லாரஸ் என்ற பெண்தான் அங்கே நிற்க வேண்டும்.

“இபு, நான் என்ன தப்பு செஞ்சேன்?”

“தப்பு இல்லடி கண்ணு, தூரம்!”

நிறுத்திவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் கெட்டுவிடும். திங்கட்கிழமைதோறும் பள்ளிக் கொடியேற்றத்தில் முன்னால் நிற்பவன் தோளுக்குக் கை நீட்டி இடைவெளி பிடித்துப் பழகிய உடம்புகள். மைதானத்தில் கால் வைத்தாலே கை தானாக நீள்கிறது. சனி போய் வியாழனின் தோளை அளக்கும். “வானத்தையே வரிசையில நிக்க வச்சிட்டீங்களே, பாவிங்களா!” என்று தலையில் அடித்துக்கொள்வாள். ரத்தக் கொதிப்புக்காரி வேறு. எனக்கே பொறுக்காமல், படத்தைக் காட்டி முடித்தால் என்ன என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“படம் பொய் சொல்லுது. நானும் கூடச் சேர்ந்து சொல்லவா?” என்று சீறினாள்.

நேற்று மேற்பார்வையாளர் பாக் சுதார்னோ வந்தார். அவருக்குப் பாடம் பிடிக்காவிட்டால் இனி மைதானம் கிடையாது, புத்தகம்தான் என்று தலைமையாசிரியர் முன்பே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அதிசயமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவரவர் இடத்தில் நின்றார்கள். நான் வாய்ப்பாட்டை விட்டுவிட்டுச் சன்னலில் நின்றேன்.

அவரும் திங்கட்கிழமைகளில் வளர்ந்தவர்தானே. “என்ன இது, சந்தை மாதிரி? வரிசை!” என்று ஓர் அதட்டல் போட்டார். கோள்கள் ஓடிவந்து கை நீட்டின. சூரியனும் வாளியோடு பின்னால் சேர்ந்துகொண்டது. பாழாய்ப் போன பழக்கம்!

மதிலோரம் இருந்த லாரஸுக்கு மட்டும் காதில் விழவில்லை.

“அதோ ஒரு பொண்ணு தனியா நிக்குது பாருங்க. கூப்பிடுங்க இபு.”

எல்லோரும் கூடிவிட்டதைப் பார்த்து லாரஸ் தயங்கித் தயங்கி ஓரடி எடுத்து வைத்தாள். வெனிங் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மதிலை நோக்கி உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள்: அங்கேயே நில்.