மேல லைன், கடைசி ஊடு

போன மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, என் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சங்ககிரிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குவாரி காலனிக்குப் போய் வந்தேன். குவாரி மூடி முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. காலனியில் இப்போது யாரும் குடியில்லை. என் மனைவி வளர்மதி பிறந்து, பத்து வயது வரை வளர்ந்தது அங்கேதான். அவள் போன ஐப்பசியில் இறந்துபோனாள். இருந்தவரை பல தடவை கூப்பிட்டாள். பத்திரிகை வேலையில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததில்லை.

மிச்சமிருக்கும் வீடுகளை ஆடிக்குள் இடித்துவிடப் போகிறார்கள் என்று அந்தப் பக்கம் செய்திக்குப் போன நண்பர் ஒருவர் சொன்னார். யாழினிக்குப் பன்னிரண்டு வயது, கவினுக்கு எட்டு. அம்மா இருந்த வீட்டை இடிப்பதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றார்கள். வளர்மதியின் அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை, கூடப்பிறந்தவர்களும் கிடையாது. எங்களிடம் இருந்த முகவரி அவள் பேச்சுவாக்கில் சொன்னது மட்டும்: “மேல லைன், கடைசி ஊடுங்க. வாசல்ல நின்னா பள்ளம் தெரியும்.” பள்ளம் என்று அவள் சொன்னது கல் வெட்டியெடுத்த குவாரிக் குழியை.

காலை ஆறே காலுக்குப் போத்தனூரில் ரயில் ஏறி, எட்டு மணிக்கு ஈரோட்டில் இறங்கினோம். அங்கிருந்து சங்ககிரிக்கு பஸ்ஸில் ஒரு மணி ஐந்து நிமிடம். ஊரில் இட்லி நன்றாகவே கிடைக்கிறது. மதியத்துக்கும் அங்கேயே தயிர்சாதம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு கடை கிடையாது. காலனிக்கு பஸ் இல்லை. பதினொரு கிலோமீட்டருக்கு ஆட்டோ பேசினோம், காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கும் சேர்த்து எழுநூறு ரூபாய். ஓட்டுநர் பூபதிக்கு முப்பது வயதிருக்கும், அந்தியூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். பேய் பங்களா படம் எடுக்கிறவர்கள்தான் அங்கே போவார்களாம். கவின் பேய் உண்டா என்று கேட்டதற்கு, “இருந்துச்சு கண்ணு. கரண்டு கட் பண்ணுனதும் அதும் காலி பண்ணிட்டுப் போயிருச்சு” என்றார்.

பத்து ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கேட் சாய்ந்து கிடக்கிறது, அனுமதி கேட்க ஆள் இல்லை. உள்ளே போனால் நடுவில் ஒரு தார்ச்சாலை, அதன் வெடிப்புகளில் எருக்கஞ்செடி. இடது கைப்பக்கம் கூரையில்லாத பள்ளிக்கூடம், அதைத் தாண்டி ஒரு புளியமரம். இரண்டு வரிசை வீடுகள், அதாவது லைன்கள். மேற்கே ஒன்று, கிழக்கே முந்நூறு அடி தள்ளி இன்னொன்று. கிழக்கு லைனைச் சீமைக்கருவேலம் பாதிக்கு மேல் மறைத்திருந்தது.

எங்கள் ஊர்ப்பக்கம் தோட்டங்காடு வைத்திருப்பவர்களுக்கு மேலக்காடு என்றால் மேற்கே இருப்பது, கீழக்காடு என்றால் கிழக்கே இருப்பது. இதில் யோசிக்க எதுவும் இல்லை. மேற்கு லைனுக்குப் போய் வடகோடி வரை நடந்தேன். மொத்தம் பன்னிரண்டு வீடுகள்.

கடைசி வீட்டுக்குக் கதவு இல்லை. ஓர் அறை, ஒரு சமையலறை, சுவரில் விளக்கு வைக்கிற மாடம். யாழினி தரையைக் கையாலேயே கூட்டினாள். கவின் ஒரு சுண்ணாம்புக்கல் துண்டை எடுத்துவந்து, மாடத்துக்குக் கீழே ‘வளர்மதி’ என்று எழுதினான். பிறகு யாழினி வாசலுக்குப் போய் நின்று பார்த்துவிட்டு, “அம்மா பள்ளம் தெரியும்னாங்கல்ல, இங்கிருந்து ஒண்ணும் தெரியலையேப்பா” என்றாள். நடுவில் மரம் வளர்ந்துவிட்டது என்றேன். இருபத்தெட்டு வருடம் செய்தியாளனாக இருந்தவன் சொன்ன பதில் அது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே இருந்தோம். வெளியே வந்தபோது புளியமரத்தடியில் ஒரு பெண் ஆடுகளை மடக்கி நிறுத்திவிட்டு பூபதியோடு பேசிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். பெயர் மரகதம். இந்தக் காலனியில் பிறந்தவர், இப்போது இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் குடியிருக்கிறார். யார் வீட்டைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டார். மேல லைன் கடைசி வீடு, பார்த்துவிட்டோம் என்றேன்.

“ஏனுங்க, நீங்க பாத்துட்டு வாரது கீழ லைனுங்க” என்றார்.

பூபதி எனக்காக வாதாடினார். “மேக்க இருக்கறது மேல லைன் தானுங்க்கா.”

“அது உங்க காட்டுல தம்பி. காட்டுக்காரங்களுக்கு மேக்கு மேல. எங்களுக்கு மேடுதான் மேல. பள்ளம் மேட்டுல இருக்குது, வேலைக்குப் போறவன் மேல போறேம்பான்.”

“பள்ளத்துக்குப் போறதுக்கு மேல போறதாக்கும்?”

“எங்க பொழப்பே தலகீழுதானுங்க.”

அவர்கள் சிரித்தார்கள். கவின் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

மரகதமே முள்ளை விலக்கி வழிகாட்டினார். கிழக்கே தரை மெதுவாக ஏறுகிறது, கேட்டிலிருந்து பார்க்கும்போது தெரியாது. மேல லைனில் ஆறு வீடுகள் சுவரோடு நிற்கின்றன, அதற்கப்புறம் அஸ்திவாரம் மட்டும். கடைசி வீடு இருந்த இடத்தில் இரண்டு படிகளும் ஒரு துவைக்கிற கல்லும் இருந்தன. படியில் நின்றால் நேர் எதிரே பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர், காற்றே இல்லாமல் அசையாமல் கிடந்தது.

வளர்மதியின் அப்பா குவாரியில் வெடி வைப்பவர் என்று சொன்னதும் மரகதத்துக்கு ஆள் பிடிபட்டது. நடைமுறையை அவர் சொன்னார். தினமும் மதியம் பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதும். முதல் சங்குக்கு மேல லைன்காரர்கள் எல்லோரும் வீட்டைவிட்டு இறங்கிப் புளியமரத்தடிக்குப் போய்விட வேண்டும், கல் பறந்து வரும். சோற்று நேரம் என்பதால் பிள்ளைகள் தட்டோடு ஓடுவார்கள். இரண்டாம் சங்குக்கு வெடி. மூன்றாம் சங்கு ஊதினால் வீட்டுக்குத் திரும்பலாம்.

“மத்ததுக எல்லாம் மரத்தடியிலயே தின்னுபோடும். இந்தப் புள்ள மட்டும் தட்டத்தைக் கையில வெச்சுட்டு நின்னுட்டே இருக்குமுங்க. மூணாஞ்சங்கு ஊதுனாலும் ஊட்டு வாசல்ல வந்து நிக்கும். அவங்கப்பன் மொகத்தைப் பாத்தாத்தான் ஒரு வாய் எடுத்து வெக்கும்.”

எங்கள் வீட்டில் வளர்மதி ஒரு நாளும் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. தட்டைக் கையில் ஏந்தித் தெருவைப் பார்த்து வாசலில் நிற்பாள். நான் இரண்டு மணிக்கு வந்தாலும் மூன்று மணிக்கு வந்தாலும் அப்படித்தான் நின்றிருப்பாள். உட்கார்ந்து சாப்பிட்டால் என்ன என்று எத்தனையோ தடவை கடிந்திருக்கிறேன். “பழகிப்போச்சுங்க” என்பாள். எங்கே பழகியது என்று நான் கேட்டதில்லை. ஊரில் உள்ளவர்களை எல்லாம் கேள்வி கேட்டுப் பிழைத்தவன்.

தயிர்சாதத்தைப் பிரித்தோம். பிள்ளைகள் அந்தப் படியில் நின்றபடியே சாப்பிட்டார்கள். நான் உட்காரச் சொல்லவில்லை. மரகதம் ஆடுகள் கலைவதாகச் சொல்லி இறங்கிப் போனார். அப்புறம் அங்கே சத்தமே இல்லை.

திரும்பும்போது கவின் கீழ லைனுக்குப் போய் அந்தப் பெயரை அழித்துவிட்டு வரலாமா என்று கேட்டான். அது வேறு யாருடைய வீடோ என்பது அவன் கவலை. யாழினிதான் பதில் சொன்னாள்: “இங்க எழுதச் செவுரு இல்லைடா. அங்கயே இருக்கட்டும்.”

குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை பதினொன்றுக்குள் போய்விடுங்கள், புளியமரத்தைத் தவிர நிழல் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். செருப்பு போதாது, முள் ஏறும், ஷூ போட்டுவிடுங்கள். பள்ளத்துக்கு வேலி கிடையாது. சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். செல்போன் சிக்னல் கேட்டுக்கு வெளியேதான் வருகிறது. ஆட்டோவைக் கட்டாயம் காத்திருக்கச் சொல்லுங்கள். யாராவது ‘மேல’ என்று வழி சொன்னால், மேற்கா மேடா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆடிக்கு முன்னால் போனால் கீழ லைனின் கடைசி வீட்டில், விளக்கு மாடத்துக்குக் கீழே ஒரு பெயர் எழுதியிருக்கும். அது அவள் வீடு இல்லை. இருந்தாலும் அழிக்காதீர்கள்.