மிதிபடும் இடத்துக்கு உபயம் இல்லை

பக்கவாதம் வந்து எழுந்த என் கணவருக்கு மருத்துவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: தினமும் நடக்க வேண்டும். அம்பத்தூரில் எங்கள் தெருவில் லாரிக்கும் தண்ணீர் டேங்கருக்கும் நடுவே நல்ல காலோடு இருப்பவர்களே நடக்க முடியாது. தெருக்கோடியில் ஏரிப் பூங்கா இருக்கிறது. கரையோரம் சமமான நடைபாதை. ஆனால் அதற்கு இறங்க ஏழு படிகள். அதில் நான்கு உடைந்து கம்பி துருத்திக்கொண்டிருந்தது. அவர் மேலேயே நின்று, கீழே நடப்பவர்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவார்.

வார்டு அலுவலகத்துக்குப் போனேன். "பூங்காவப் பாத்துக்க குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதிக் குடுத்தாச்சும்மா, அவங்களக் கேளுங்க" என்றார்கள். சங்கச் செயலாளர் ஏரியைப் பார்த்த ஃப்ளாட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஐடிக்காரர். "எங்ககிட்ட ஃபண்டு ஏது மேடம்? எல்லாமே உபயம்தான்" என்றார். உண்மைதான். பெஞ்சு முதல் குப்பைத்தொட்டி வரை எல்லாவற்றிலும் இன்னார் நினைவாக, இன்னார் உபயம் என்று எழுதியிருக்கும். டியூப் லைட்டில் எழுத்து போக மிச்சம்தான் வெளிச்சம். படிக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. அப்பா நினைவாக பெஞ்சு போட்டிருந்த மளிகைக் கடைக்காரரிடம் நானே கேட்டுப் பார்த்தேன். "எங்கப்பா பேரக் கண்டவன் செருப்புக் கால்ல மிதிக்கணுமா?" என்று சீறினார்.

வீட்டு வரி கட்டுகிறோம், தண்ணீர் வரி கட்டுகிறோம். ஊர் ஏரிக்கு இறங்க, செத்தவர்களின் பிள்ளைகளிடம் கையேந்த வேண்டும். என்ன நியாயம் இது? கடைசியில் ஆத்திரத்தோடுதான் என் வளையலை விற்றுச் சங்கத்தில் கட்டினேன். பெயரெல்லாம் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரசீது யார் பெயரில் என்று கேட்டார்கள். கணவர் பெயரைச் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு.

படி வேலை முடிந்ததும் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். முதல் படியிலேயே கருங்கல்லில் அவர் பெயர். அதன் கீழே 'நினைவாக'. ஊன்றுகோலை ஊன்றி நின்று இரண்டு முறை படித்தார்.

"இன்னாம்மே, நான் பூட்டேனா?" சிரித்தார், ஆனால் காலை வைக்கவில்லை. "எம்பேர நானே மிதிச்சிகினு போவணுமா? வா, ஊட்டுக்குப் போலாம்."

செயலாளருக்கு போன் போட்டேன். "கல்லு வெட்டுறவர் எப்பவும் போடுற மாதிரியே போட்டுட்டார் மேடம். மாத்தணும்னா புதுக் கல்லுக்கு நீங்கதான் குடுக்கணும்" என்றார்.

மறுநாள் காலை சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு, வரமாட்டேன் என்றவரையும் இழுத்துக்கொண்டு போனேன். படியில் உட்கார்ந்து ஓர் எழுத்து விடாமல் கொத்தித் தள்ளினேன். வாக்கிங் வந்திருந்த செயலாளர் ஓடிவந்தார்.

"மேடம்! பொதுச்சொத்த இப்படி உடைக்கலாமா?"

"பொதுச்சொத்தா? அப்ப எங்கிட்ட இன்னாத்துக்குய்யா காசு வாங்குன?"

நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். அதற்குள் என் கணவர் ஊன்றுகோலைத் தட்டித் தட்டி மூன்றாம் படிக்கு இறங்கியிருந்தார்.