அரை டம்ளர் அரிஷ்டம்

எங்கள் அப்பா ஒருநாள் விடியற்காலையில் வாயில் வாடையோடு வேலைக்குப் போனார். ஊற்றிக் கொடுத்தவள் நான். அப்போது நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா தென்காசியில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு மேனேஜர். பஸ் ஷெட்டுக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. கடையத்துக்கும் ஆலங்குளத்துக்கும் போகிற வண்டிகள் எல்லாம் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரேதான் கிளம்பும். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் டிரைவர்களுக்குத் தூக்கம் குறைந்துபோகும். சிலருக்கு வேறு பழக்கமும் கூடிப்போகும். அதனால் அந்த வருஷம் முதலாளி ஊதிப் பார்க்கிற மிஷின் ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தார். வாயில் சாராய வாடை இருந்தால் அது கீ கீ என்று கத்தும்.

டிரைவர்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் வண்டி ஓட்டியவர்களின் வாயை மோந்து பார்ப்பதா என்று முறுக்கிக்கொண்டு நின்றார்கள். அப்பா வாதாடவில்லை. மிஷினை எடுத்து முதலில் தானே ஊதினார், நோட்டிலும் தன் பெயரையே முதலில் எழுதினார். “நான் வண்டி ஓட்டலதான். இருந்தாலும் என் வாயையும் பாத்துக்கிடுங்க” என்றார். அதன் பிறகு யாராலும் மறுக்க முடியவில்லை. தினமும் அப்பாதான் முதல் ஆள். ஒருவருக்கு ஒருமுறைதான், கத்தினால் அன்றைக்கு வண்டி கிடையாது. நான் பல் தேய்த்துக்கொண்டே ஜன்னல் வழியாக இந்த வேடிக்கையைப் பார்ப்பேன்.

ஒரு வாரம் கழித்து, கடையம் வண்டி ஓட்டுகிற டிரைவர் ஊதியபோது மிஷின் கத்தியது. சளிக்கு அரிஷ்டம் குடித்தேன், வாயைக் கொப்பளித்துவிட்டு இன்னொரு தடவை ஊதுகிறேன் என்று அவர் கெஞ்சினார். புளிக்கவைத்த அந்த நாட்டு மருந்திலும் சாராய வாடை இருக்கும்தான். ஆனாலும் ஷெட்டே சிரித்தது. அப்பா சம்மதிக்கவில்லை. ஆனால் குடித்தது உறுதியானால் வேலையே போய்விடும் என்பது முதலாளியின் கண்டிப்பு. மருந்தா மற்றதா என்று தெரியாததால், நோட்டில் ‘சந்தேகம்’ என்று எழுதி அன்றைக்கு மட்டும் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அடம்பிடித்து அப்பாவை ஐந்தருவிக்குக் குளிக்க இழுத்துக்கொண்டு போனேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அவருக்குத்தான் இருமல் பிடித்துக்கொண்டது. அம்மா செங்கோட்டை வைத்தியசாலையிலிருந்து அரிஷ்டம் வாங்கி வைத்தாள். வேளைக்குப் பாட்டில் மூடியால் இரண்டு மூடி அளவு, தண்ணீர் கலந்து. செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா அடுப்படியில் வேலையாக இருந்தபோது நான் வைத்தியம் பார்க்க முடிவு செய்தேன். என்னால் வந்த இருமல், ஒரே வேளையில் ஓடிப்போகட்டும் என்று அரை டம்ளர் ஊற்றினேன். தண்ணீர் கலக்கவில்லை. அப்பா டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஷெட்டுக்குப் போனார்.

மிஷின் கத்திய கத்தலில் என் கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. இருப்பவர்களில் மூத்த டிரைவர்தான் பேசினார். “அண்ணாச்சி, மருந்து ஏதும் குடிச்சிருப்பிய. கொப்பளிச்சிட்டு இன்னொருக்கா ஊதுங்க.”

“அன்னைக்கு அவருக்கு இன்னொருக்கா குடுக்கலயேவே. எனக்கு மட்டும் எப்படி?”

நோட்டில் தன் பெயருக்கு நேரே ‘சந்தேகம்’ என்று எழுதினார். பிறகு கடையம் டிரைவர் பக்கம் திரும்பினார். “நீரு சொன்னத நான் நம்பல. எல்லாரும் சிரிச்சப்பவும் பாத்துக்கிட்டுதான் நின்னேன். தப்பு எம்மேல. மன்னிச்சிரும்.”

நாளையிலிருந்து மிஷின் கத்தினால் கால் மணி நேரம் உட்காரவைத்து, வாய் கொப்பளிக்கவைத்து, மறுபடியும் ஊதச் சொல்வது என்று அங்கேயே சொன்னார். ஆனால் இன்றைக்கு இன்றைய முறைதான் என்று சாவிக்கொத்தை மூத்த டிரைவரிடம் கொடுத்துவிட்டு, முதலாளிக்குத் தானே போன் போட்டுச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். யார் ஊற்றிக் கொடுத்தது என்று மட்டும் எவரிடமும் சொல்லவில்லை.

எனக்கு முன்னால் செய்தி பள்ளிக்கூடம் போய்விட்டது. “ஏட்டி, ஒங்கப்பா தண்ணியப் போட்டுட்டு ஷெட்டுல மாட்டிக்கிட்டாராமே?” என்று பக்கத்துப் பெஞ்சுக்காரி கேட்டாள். என்னால்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் கடையம் டிரைவர் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வாசலிலேயே நின்றார்.

“அண்ணாச்சி, அன்னைக்கு நான் குடிச்சது அரிஷ்டம் இல்ல.”

அப்பா எழுந்து வாசலுக்கு வந்தார்.

“எல்லாரு முன்னாலயும் நீங்க எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டிய. வேல போனாலும் போவுது, சொல்லிருதேன்னு வந்தேன்.”

“மொதலாளிட்ட நான் மறைக்க மாட்டேன்வே” என்றார் அப்பா. “ஆனா நீராத்தான் வந்து சொன்னீருன்னும் சொல்லுவேன்.”

அப்படியே சொன்னார். அவர் வேலையைப் பறிக்க வேண்டாம் என்று அரை மணி நேரம் போனில் மன்றாடினார். ஒரு மாதம் ஸ்டியரிங் கிடையாது, ஷெட்டில் வேலை என்று முடிவானது. ஒரு மாதம் கழித்து அந்த டிரைவர் வரிசையில் அப்பாவுக்கு அடுத்த ஆளாக வந்து நின்றார். அதற்கப்புறம் நான் ஜன்னலில் பார்த்த வேடிக்கை வேறு. மிஷின் பக்கம் போகாமலே ஒருவர் வந்து, “அண்ணாச்சி, எனக்கு இன்னைக்கு வண்டி வேண்டாம்” என்பார். அப்பா ஏன் எதற்கு என்று கேட்காமல் வேறு ஆளைப் போடுவார். இன்று என் பொறுப்பில் ஒரு ஆஸ்பத்திரி வார்டும் பன்னிரண்டு நர்சுகளும் இருக்கிறார்கள். நோயாளிக்குத் தவறான மருந்தை எடுத்துவிட்டேன் என்று அவர்களில் ஒரு பெண் தானாக வந்து என்னிடம் சொல்லும்போதெல்லாம், நான் அந்த மேனேஜரின் மகள் என்று எனக்குக் கர்வமாக இருக்கிறது.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எட்டவில்லை. டிரைவர் தலை மறைந்ததும் நான் ஓடிப்போய் அப்பாவின் மடியில் விழுந்து, ஊற்றிய அளவைச் சொல்லி அழுதேன்.

“தெரியும்ட்டி. ரெண்டு மூடிக்கும் அரை டம்ளருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? நீ ஆசையாக் குடுத்தியேன்னு குடிச்சேன்.”

ராத்திரி சாப்பாட்டில் அப்பா வழக்கத்தைவிட இரண்டு தோசை கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நடுநடுவே இருமிக்கொண்டே சிரித்தார். கடையம் டிரைவரும் நானும் வந்து சொன்னதை அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார். நான் வீங்கிய கண்ணோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் பொய் சொல்லி ஏமாற்றிவிட்டார், பெற்ற மகள் ஊர் முழுக்கக் குடிகாரப் பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டாள், இந்த மனிதர் எதற்காக இவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.