சாட்சி நேரம்

எங்கள் சபைச் செயலாளர் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் அன்று அன்பைப் பற்றிப் பேசுவார். நாங்களும் வருஷா வருஷம் கேட்போம். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்த புதிது அது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட்தான் எங்கள் கோவில். கூரையைக் கொடுத்தது ஒரு கம்பி மில். அந்த மில்லின் லேபர் ஆபீசர்தான் செயலாளர். ஆகவே அவர் எதைச் சொன்னாலும் எங்கள் போதகர் ஒருமுறை கூரையை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்.

நான் அதே மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. காலையில் பொன்னேரியில் ரயிலேறி வந்து, யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று மஸ்டர் ரோலில் எழுதுவேன். மில்லில் பர்மனென்ட் ஆட்களாக இருந்தவர்கள் கோவிலில் பெஞ்சில் உட்காருவோம். கேஷுவல் ஆட்கள் பின்னால் பாயில். இப்படி யாரும் சட்டம் போடவில்லை. பரிசுத்த ஆவியானவரே கூட்டத்தைப் பிரித்து உட்காரவைத்த மாதிரி அவரவர் இடத்துக்கு அவரவரே போய்விடுவோம்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்பு, பாயில் உட்காருகிறவர்களில் ஒருவருக்கு மில்லில் அடிபட்டது. பழுக்கக் காய்ந்த கம்பி துள்ளி வந்து பாதத்தைச் சுட்டுவிட்டது. ஆளை மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் லேபர் ஆபீசர் என் மேஜைக்கு வந்தார்.

"அவன் தானா வேலைய விட்டு நின்னுட்டான்னு எழுதிடுப்பா" என்றார்.

எழுதினேன். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். அந்த வரியையும் அழகாகத்தான் எழுதினேன்.

அடிபட்டவருடைய மனைவி வேலையைத் திரும்பக் கேட்டுச் செயலாளர் வீட்டுக்கு நான்கு முறை நடந்தார். "கிறிஸ்துமஸ் கழியட்டும், பாக்கலாம்" என்பதுதான் நான்கு முறையும் பதில். பதிலோடு இலவசமாக ஒரு ஜெபம். வீட்டு கேட்டுக்கு உள்ளேயே நின்று கையை நீட்டி, அந்த அம்மாவின் தலையில் வைத்து ஜெபிப்பாராம். ஒருமுறை ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் ஐயாவைக் காணோம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸ் காலை வந்தது. செயலாளர் எழுந்தார். நீதியாக ஆளும் பொறுப்பைத் தோளில் சுமக்கப் பிறந்த பாலகனைப் பற்றிப் பேசினார். தலைவன் என்பவன் மந்தைக்காக உயிரைக் கொடுக்கும் மேய்ப்பன் என்றார். அன்பு இருந்தால் அடுத்தவன் பாதத்தைக் கழுவத் தோன்றும் என்றார். பாதம் கழுவுவதைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் பேசினார். வெந்த பாதத்தைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டு ஒருவர் பாயில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேச்சு முடிந்தால் சாட்சி நேரம். அந்த வருஷம் கர்த்தர் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். நன்றி மட்டும்தான் சொல்லலாம், குறை சொல்லக் கூடாது. முடித்ததும் சபை "ஸ்தோத்திரம்" என்று சொல்லும். சபையே ஸ்தோத்திரம் சொன்ன சாட்சியை எவனும் மறுத்துப் பேசிவிட முடியாது. முதலில் ஒருவர் மகள் பாஸானதற்கு நன்றி சொன்னார். ஒருவருக்கு வயிற்று வலி போயிருந்தது. மீஞ்சூர் ஸ்டேஷனில் தொலைந்த சைக்கிள் இன்னொருவருக்குத் திரும்பக் கிடைத்திருந்தது.

அப்புறம் அந்த அம்மா எழுந்தார்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எங்க ஊட்டுக்காரு கால் வெந்து படுத்துகினு இருந்தாரு. வேலையும் போச்சேன்னு அழுதுகினு இருந்தேன். நாலு தபா போனேன், ஐயா நாலு தபாவும் ஜெபம் பண்ணாரு. நேத்து கர்த்தர் ஐயா மனசுல பேசிட்டாரு. தை மாசம் மில்லு கேட்டாண்ட உக்காந்துகினு செய்யற வேலை தரேன்னு ஐயா சொல்லிட்டாரு. இப்படி ஒரு தலைவரைக் குடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்!"

பாய்ப் பக்கத்திலிருந்து ஸ்தோத்திரம் இடி மாதிரி வந்தது. பெஞ்சுகளும் சேர்ந்துகொண்டன. போதகர் இரண்டு கைகளையும் உயர்த்திவிட்டார். வாயில் போட்ட கேக்கை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நிற்கிற மாதிரி நின்றார் செயலாளர். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. அந்த ஆள் தானாக நின்றவன், மஸ்டரில் இருக்கிறது என்று நான் எழுந்து சொல்ல வேண்டும். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தேன். வேறு வழியில்லாமல் அவரும் ஸ்தோத்திரம் என்றார்.

தை மாதம் கால் வெந்தவருக்கு மில் கேட்டில் வேலை கிடைத்தது. அடுத்த கிறிஸ்துமஸ் பேச்சில், அன்புக்கு உதாரணமாகச் செயலாளர் அந்த வேலையைத்தான் சொன்னார். நாங்கள் அதற்கும் ஸ்தோத்திரம் சொன்னோம்.

அந்தச் சாட்சி நாளில் நானும் என்னை ஒரு வீரன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். காட்டிக்கொடுக்காமல் இருந்தேனே! ஆராதனை முடிந்து எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாவிடம் போய்ப் பல்லைக் காட்டினேன்.

"ஏம்மா, ஐயாவை நல்லா மடக்கிட்டியே. கோவில்லயே இவ்வளவு பெரிய பொய்யா!"

அந்த அம்மா சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"ஆமாண்ணா, பொய்தான். ஏசு பொறந்த நாளும் அதுவுமா அவர் எதிர்லயே சொன்னேன். மஸ்டர்ல எழுதனது உங்க கைதானே? நெசம் உங்களுக்குத் தெரியும். எனக்கு முன்னாடி மூணு பேரு சாட்சி சொன்னாங்களே, ஒவ்வொருத்தரு உக்காரும்போதும் நீங்க எழுந்து அதச் சொல்றீங்களான்னு உங்களத்தான் பாத்துகினு இருந்தேன்."