திருநீறு பூசிய முகங்கள்

தனத்தைச் சுமங்கலி என்பதா, மற்றவள் என்பதா என்று திருவண்ணாமலைக்குத் தெரியவில்லை. தெரியாத விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிற பழக்கம் எங்கள் ஊருக்குக் கிடையாது. கல்யாண வீட்டில் குங்குமச் சிமிழோடு வருகிறவள் தனத்தின் அருகில் வந்ததும் ஒரு நொடி தயங்குவாள். சிமிழ் முன்னுக்கு நீளும், பிறகு பின்னுக்குப் போகும், பிறகு அடுத்த நாற்காலிக்குப் போய்விடும். அந்தத் தயக்கத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் கல்யாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

அவள் புருஷன் ஆதிமூலம் சுவர் எழுதுகிறவன். எலெக்‌ஷன் வந்தால் கட்சி விளம்பரம், வராத காலத்தில் கடைப் பலகை, உர மூட்டை விளம்பரம், லாட்ஜ் பெயர் என்று எதையாவது எழுதிக்கொண்டிருப்பான். பென்சிலை இடது காதில் செருகிச் செருகி அந்தக் காது மட்டும் முறம் மாதிரி முன்னால் வளைந்திருக்கும். ஆள் கறுப்புச் சட்டைக்காரன். அவர்கள் கல்யாணமே மேடையில் நாலு பேர் பேசி, மாலை மாற்றி முடிந்த கல்யாணம். தாலி இல்லை, ஐயர் இல்லை. பௌர்ணமிக்கு ஊரே திரண்டு மலையைச் சுற்றும்போது அவன் மட்டும் வீட்டில் படுத்து ரேடியோ கேட்பான். "நான் ஒருத்தன் சுத்தலன்னா மலை கோவிச்சிக்குமா இன்னா?" என்பான். நெற்றியில் ஒரு நாளும் ஒன்றும் வைத்ததில்லை. ஆனால் தனம் பொட்டு வைப்பதை ஒன்றும் சொன்னதும் இல்லை. "ஒனக்குப் புடிச்சா வெச்சிக்கோ தனம். எனக்காவ வெக்காத. நாளைக்கு எனக்காவ எடுக்கவும் எடுக்காத."

எண்பத்தொன்பது நவம்பர் எலெக்‌ஷனுக்கு வேலூர் பக்கம் சுவர் எழுதப் போனான். தூரிகைகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, "ரிசல்ட் வர்றதுக்குள்ள வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ரிசல்ட் வந்தது. டெல்லியில் ஆட்சியே மாறியது. அவன் வரவில்லை. கூடப் போனவர்களைக் கேட்டால், வேறு வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லி வேலூர் பஸ் ஸ்டாண்டில் பிரிந்து போனதாகச் சொன்னார்கள். சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தாலாவது அந்தச் சண்டையை நினைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். தனத்துக்கு அதுவும் இல்லை. பிள்ளையும் இல்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அவன் இருக்கிறானா, இல்லையா. இருந்தால் திட்ட வேண்டும், இல்லாவிட்டால் அழ வேண்டும். இரண்டில் ஒன்றைக் கூடச் செய்ய முடியாமல் டைப் இன்ஸ்டிட்யூட்டில் பெண் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்தாள்.

பேப்பரில் "அடையாளம் தெரியாத ஆண் பிணம்" என்று செய்தி வந்தால் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். எங்கள் ஊரில் அந்தச் செய்திக்குப் பஞ்சமே இல்லை. மலையை நம்பி வருகிறவர்கள், வீட்டில் விரட்டப்பட்டவர்கள், நோய் முற்றினவர்கள் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து கிரிவலப் பாதை ஓரமாகப் படுத்துக்கொள்கிறார்கள். சிலர் எழுந்திருப்பதில்லை. பிணவறையில் வேலை பார்த்த தருமன் முதல் தடவை, "பொம்பளைங்க பாக்கற எடமாக்கா இது, போ" என்றுதான் விரட்டினான். பத்துத் தடவை பார்த்த பிறகு அவனே ஆள் அனுப்பிச் சொல்ல ஆரம்பித்தான். தனம் போவாள், துணியை விலக்கச் சொல்வாள், பார்ப்பாள். "இவரு இல்ல தருமா" என்பாள். அதைச் சொல்லும்போது வருவது நிம்மதியா, ஏமாற்றமா என்று அவளுக்கே பிடிபட்டதில்லை.

ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பும்போது, அவர் இல்லையென்றால் இது யார் என்ற நினைப்பு அவளைப் பிடித்துக்கொண்டது. எந்த ஊரிலோ ஒருத்தி இவருக்காகச் சோற்றை மூடி வைத்துக்கொண்டு இருப்பாளே.

அந்த நினைப்புக்கு வழி கிடைக்கப் பல வருஷம் ஆனது. இரண்டாயிரம் பிறந்த பிறகு டைப்ரைட்டரைச் சீந்துவார் இல்லாமல் போகவே, தேரடித் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் நாலு கம்ப்யூட்டரை வைத்து பிரௌசிங் சென்டர் திறந்தாள். ஹைதராபாத்தில் யாரோ ஒரு பேங்க் ஊழியர் ஒரு வலைத்தளம் நடத்துவதை அங்கேதான் கண்டுபிடித்தாள். அடையாளம் தெரியாமல் இறந்தவர்களின் படங்களை ஊர் ஊராக ஆர்வமுள்ளவர்கள் அதில் போடுவார்கள். ஆளைக் காணாமல் தவிக்கிறவர்கள் வந்து பார்ப்பார்கள். சம்பளம் கிடையாது, நன்றி சொல்லவும் ஆள் கிடையாது. தனம் திருவண்ணாமலைக்குத் தானே பொறுப்பு என்று எழுதிப் போட்டாள். ஸ்டேஷன் ஏட்டைப் பார்த்து அனுமதி வாங்கினாள், சின்னதாக ஒரு டிஜிட்டல் கேமராவும் வாங்கினாள்.

முதலில் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டபோது அவளுக்கே பார்க்கச் சகிக்கவில்லை. வாய் திறந்து, நெற்றி சுருங்கி, யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. இந்தக் கோலத்தில் பெற்ற மகன் பார்த்தால் தாங்குவானா? தருமனிடம் சொன்னாள்.

"மூஞ்சியத் தொடச்சி, தலைய சீவி, நெத்தியில துன்னூறு பூசிட்டா நல்லா இருக்கும்க்கா," என்றான் அவன். "அண்ணாமலையார் காலடியில வந்து உசுர வுட்டவன் வெறும் நெத்தியோட போவலாமா? நான் பொதைக்கறப்ப எல்லாருக்கும் பூசித்தான் அனுப்பறேன். அத மொதல்லயே பூசிடறேன்."

தனத்துக்கு அது சரியாகப் பட்டது. அன்றிலிருந்து கோயில் திருநீற்றை அவளே பொட்டலம் கட்டிக்கொண்டு போவாள். தருமன் மூன்று விரலால் பட்டையாக இழுப்பான். அப்படி இழுத்ததும் செத்த முகத்துக்கு ஒரு அமைதி வந்துவிடும், தூங்குகிற மாதிரி. அதன் பிறகுதான் படம். படத்துக்குக் கீழே சட்டை, மச்சம், தழும்பு என்று அடையாளங்களை எழுதிப் போடுவாள். கறுப்புச் சட்டைக்காரன் பெண்டாட்டி திருநீற்றுப் பொட்டலத்தோடு பிணவறைக்குப் போவதை ஆதிமூலம் பார்த்திருந்தால் சிரித்திருப்பான். சிரிக்கவாவது வந்திருக்கலாம்.

மத்தியானத்தில் கடையில் ஆள் இருக்காது. அப்போது மற்ற ஊர்க்காரர்கள் போட்ட படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். வெறும் நெற்றியாக இருந்தால் நின்று பார்ப்பாள். பட்டையோ நாமமோ இருந்தால் தள்ளிவிடுவாள். அவள் தேடுகிறவன் செத்தாலும் திருநீறு பூசமாட்டான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தள்ளுவதற்கு முன்னால் மனசு கேட்காமல் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் தட்டுத்தடுமாறின இங்கிலீஷில் ஒரு வரி எழுதுவாள்: இவரைத் தேட ஒருவரும் இல்லையா? கீழே தன் பெயர், ஊர்.

இரண்டாயிரத்து ஏழில், பரீட்சை ரிசல்ட் கூட்டம் ஓய்ந்த ஒரு நாள், சென்னையிலிருந்து தமிழ்செல்வி என்று ஒரு பெண் கடைக்கு வந்தாள். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம், சென்னையில் கம்பெனி வேலை. தனம் போட்ட ஒரு படத்தைத் திரையில் காட்டச் சொன்னாள். போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் இறந்து கிடந்த பெரியவர். நெற்றி நிறையப் பட்டை.

"எங்கப்பாக்கா. பேரு அருள்ராஜ்," என்றாள் அந்தப் பெண். "ஞாபகம் தப்பிப்போச்சி அவருக்கு. ஒரு நாள் பஸ்ல ஏறிட்டாரு, எங்க எறங்கினாருன்னு தெரியல."

தனம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வருஷம் ஆயிடுச்சேம்மா. இப்பத்தான் பாத்தியா?"

"அப்பவே பாத்தேன்க்கா. ஒரு தடவ இல்ல, எத்தினியோ தடவ. பட்டையப் பாத்ததும் யாரோ சாமியாருன்னு தள்ளிட்டேன். அப்பா எங்க ஊரு சர்ச்சுல மணி அடிக்கிறவரு. அவரு நெத்தியில போயி இத யாரு..." அவள் நிறுத்தினாள். "போன வாரந்தான் படத்துக்குக் கீழ நீங்க எழுதி இருந்ததப் படிச்சேன். சட்டையில ஒரு பட்டன் மட்டும் சிவப்பு, பச்ச நூல்ல தெச்சிருக்குன்னு. அது நான் தெச்சதுக்கா. வீட்ல வேற நூல் இல்ல."

தனம் பிடித்திருந்த கையை விட்டாள். அந்தத் திருநீறு அவள் கொண்டுபோனது.

தருமனையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகச் சுடுகாட்டுக்குப் போனார்கள். யாரும் உரிமை கோராத பிணங்களைப் புதைக்கிற ஓரத்தில் எல்லா இடமும் ஒன்றுபோல இருந்தது. தருமன் வேப்பமரத்தை வைத்துக் கணக்குப் பண்ணி, "இங்கதான், இல்லன்னா அதோ அந்தாண்ட" என்று கை காட்டினான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "நல்லதுன்னு நெனச்சித்தாம்மா பூசினேன். அவரு வேற சாமின்னு எனக்குத் தெரியாம போச்சே."

"நல்லதுக்குத்தான் பூசினீங்கன்னு தெரியும்ணா," என்றாள் தமிழ்செல்வி. "கடைசியா அவரு மூஞ்சியத் தொடச்சது நீங்கதான். அத நான் மறக்க மாட்டேன்."

அவள் இரண்டு இடத்துக்கும் நடுவில் முட்டி போட்டு ஜெபம் செய்தாள். தனம் விலகி நின்றாள். அந்தப் பெண் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கூட இருந்து ஆறுதல் சொல்லவும் தகுதி இல்லை, விட்டுவிட்டுப் போகவும் மனம் இல்லை. பிணத்தைப் பார்த்துப் பழகின தனம் அன்றைக்குத்தான் சுடுகாட்டில் நின்று அழுதாள்.

மறுநாள் மத்தியானம் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது உறைத்தது. ஒரு மகள் அப்பாவைப் பட்டையைப் பார்த்துத் தள்ளியிருக்கிறாள் என்றால், நான் எத்தனை பேரைத் தள்ளியிருக்கிறேன்? கோயில் இருக்கிற ஊரில் எல்லாம் ஒரு தருமன் இருப்பானே.

வலைத்தளத்தைத் திறந்தாள். சிதம்பரம், ராமேஸ்வரம், ஸ்ரீசைலம் என்று தான் தள்ளின முகங்களை எல்லாம் திரும்ப எடுத்தாள். ஒவ்வொரு முகத்துக்கும் நெற்றி மேல் கட்டை விரலை வைத்து மறைத்துக்கொண்டு, மீதியைப் பார்த்தாள். இப்படியே நான்கு நாள். காலேஜ் அப்ளிகேஷன் எடுக்க வந்த பிள்ளைகள், அக்காவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் காளஹஸ்திப் படம் ஒன்று வந்தது. இரண்டு வருஷம் பழைய படம். பெயர் தெரியாத சாமியார், வயது சுமார் அறுபது என்று போட்டிருந்தது. தாடி, பட்டை, குழி விழுந்த கன்னம். தனம் விரலை வைத்து நெற்றியை மறைத்தாள்.

இடது காது முன்னால் வளைந்திருந்தது.

விரலை எடுத்தாள், சாமியார். வைத்தாள், ஆதிமூலம். எத்தனை தடவை அப்படிச் செய்தாள் என்று யாருக்குத் தெரியும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் ஒரு தடவை அலைந்து பார்க்க வேண்டும்.

படத்தைப் போட்டவர் காளஹஸ்தியில் மருந்துக் கடை வைத்திருப்பவர். அவருக்கு எழுதிக் கேட்டாள். இரண்டு நாளில் பதில் வந்தது. அவர் சாமியார் இல்லை அம்மா, அது எங்கள் தவறு. இங்கே ஆஸ்பத்திரி ஆள் பக்தியில் எல்லோருக்கும் விபூதி பூசிவிடுவார். இங்கே கொண்டு வந்தபோது நீலச் சட்டை போட்டிருந்தார், நெற்றியில் ஒன்றும் இல்லை. நகக்கண் எல்லாம் பெயிண்ட் இருந்தது. கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர் என்று பின்னால் யாரோ சொன்னார்கள், பெயர் யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் அவருக்கு என்ன வேண்டும்?

பதினாறு வருஷம் அவன் உயிரோடுதான் இருந்திருக்கிறான். திருப்பதி பஸ் பிடித்தால் ஒரு பகலில் போய்ச் சேரும் தூரத்தில், தெலுங்கில் போர்டு எழுதிக்கொண்டு இருந்திருக்கிறான். ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இல்லை. திட்டவும் வேண்டும், அழவும் வேண்டும் என்று இரண்டும் சேர்ந்து வந்தபோது தனத்துக்கு ஒன்றும் வரவில்லை. எதிரே இருந்த கண்ணாடியில் பார்த்தாள். பொட்டு இருந்தது. எனக்காக எடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போனவன். அப்படியே விட்டாள்.

பிறகு அந்தப் படத்தை மறுபடி திறந்தாள். கீழே, இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதியில், அந்தப் படத்துக்கு வந்த ஒரே வரி இருந்தது: இவரைத் தேட ஒருவரும் இல்லையா? தனம், திருவண்ணாமலை.

தனம் அதற்கு அடியில் பதில் எழுதினாள். இந்தத் தடவை தமிழில்.

"நான் தேடினேன். பெயர் ஆதிமூலம். என் வீட்டுக்காரர். திருநீறு பூசமாட்டார்."