செந்தாமரை மேல் விழுந்த பழி

வாட்ஸ்அப்பில் வரும் குரல் செய்திகளை நான் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பேன். ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமை எனக்குக் கிடையாது. அந்தச் சனிக்கிழமை காலை திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது, நம் விதைப் பண்ணைக் குழுவில் கோவிந்தனின் குரல் வந்தது. "நம்ப செந்தாமரை போயிடிச்சிங்க. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலயிருந்து இப்பதான் போன் வந்திச்சி." அந்த வேகத்தில் கோவிந்தனின் குரல் கீச்சுக்கீச்சென்று, ஏதோ வேடிக்கை சொல்வதுபோல் கேட்டது. வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடியும் கேட்டேன். அப்போதும் அதே செய்திதான்.

வியாழக்கிழமை காலை கெடாரில் வீட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்திருக்கிறார். மூளையில் ரத்தக் கசிவு. மருத்துவமனையில் இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தார். வயது நாற்பத்தொன்று. எனக்கு ஐம்பத்தேழு. வரிசையில் எனக்குப் பின்னால் நிற்க வேண்டியவர் முந்திக்கொண்டார்.

பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் கோவிந்தன், காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்தும் அஞ்சலிக் கூட்டத்தில் படிக்க இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். "நீங்கதான் சார் வாத்தியாரு, நல்லா எழுதுவீங்க" என்றார். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். உழைப்பாளி, சிரித்த முகம் என்றெல்லாம் எழுதிக்கொண்டு போகும்போதே எதை விட்டுவிட்டு எழுதுகிறேன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். இது ஐந்தாவது முறை. இதைக் கிழிக்கப் போவதில்லை.

காணைக்குப் பக்கத்தில் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே நமக்கு இருக்கும் நாலு ஏக்கருக்கு அவர் முதன்முதலில் வந்த நாள் உங்களில் பழையவர்களுக்கு நினைவிருக்கும். கணவர் ஏழுமலை பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். மரக்காணத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடலோரக் குப்பத்தில் பிறந்து, கெடாரில் விவசாயக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். களத்தில் வெண்டை விதை காய்ந்துகொண்டிருந்தது. போதும், பாட்டிலில் போட்டு மூடலாம் என்று நான் சொன்னேன். வந்து அரை மணி நேரம்கூட ஆகாத அந்தப் பெண் ஒரு கை விதையை அள்ளி, காதருகே குலுக்கிப் பார்த்துவிட்டு, "காயல சார்" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். கொஞ்சம் சுள்ளென்றுதான் கேட்டிருப்பேன்.

"எங்கம்மா கருவாடு காயவெச்சி வித்தவங்க சார். மேல காஞ்சி உள்ள ஈரம் நின்னுதுன்னா மூணாம் நாளு புழு வெச்சிடும். மீனுக்கு ஒரு வெயிலு, வெதைக்கு ஒரு வெயிலா அடிக்குது?"

நான் கேட்கவில்லை. மூடினேன். பத்தாவது நாள் பாட்டிலைத் திறந்தபோது பூஞ்சை வாடை அடித்தது. செந்தாமரை அதைக் கொண்டுபோய் உரக்குழியில் கொட்டினார். அன்றிலிருந்து விதை அறை அவர் கைக்குப் போனது.

விதையைப் பல்லில் கடித்துப் பார்ப்பது அவர் பழக்கம். டக்கென்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் இன்னொரு வெயில் வேண்டும். சென்னையிலிருந்து தன்னார்வலர்களாக வந்திருந்த இளம் தம்பதியில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, ஆர்வக் கோளாறில் பக்கத்து முறத்தில் இருந்த மிளகாய் விதையை வாயில் போட்டுக் கடித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்ட அவர் மோட்டார் பக்கம் ஓடியபோது, செந்தாமரை பின்னாலேயே சொம்பு மோரோடு ஓடிக்கொண்டே கேட்டார்: "தம்பி, உடைஞ்சிச்சா, நசுங்கிச்சா? அத்த சொல்லிட்டுக் குடி." அந்தப் பையன் இரண்டு நாள் கழித்து ஊரிலிருந்து குழுவில் பதில் போட்டான், உடைந்தது என்று.

அவர் உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்ததில்லை. ஒரு கையில் டம்ளர் இருக்கும், இன்னொரு கை வாழையைச் சுற்றி மூடாக்குக்குப் போட்ட சருகைச் சரிசெய்துகொண்டிருக்கும். நானும் பரபரப்புக்காரன்தான். என் பரபரப்பு எதையாவது முடித்துவிட்டுக் கிளம்புவதில் இருக்கும். அவருடையது எதையும் விடாமல் பார்த்துக்கொள்வதில் இருந்தது. "டப்பாவுல கீற வெதை தூங்குதுன்னு நெனச்சிக்கினு கீறீங்க. அது கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கினு கீது சார். ஜல்தியா மண்ணுல போடணும்" என்பார். இந்த வித்தியாசம் எனக்கு உறைக்க அதிக நாள் ஆயிற்று.

இனி எழுத வேண்டியது நீங்கள் எல்லோரும் தவறாகத் தெரிந்துவைத்திருக்கும் ஒன்று.

கெடார் சிவப்பு என்று நாம் பெயர் வைத்திருந்த நெல்லை நினைவிருக்கிறதா? கெடாரில் ஒரே ஒரு வீட்டில் மிஞ்சியிருந்து நமக்குக் கிடைத்த நெல் அது. அந்த வீட்டிலும் அடுத்த வருடம் நிலத்தில் கரும்பு வைத்துவிட்டார்கள். அதன்பின் அந்த ரகம் உயிரோடு இருந்தது நம் நாலாம் பாத்தியில் மட்டும்தான். விதைக்கென்று வளர்க்கும் நெல்லில் வேறு ரகம் கலந்து முளைத்திருந்தால், பூக்கும் நேரத்தில் இறங்கி அதை வேரோடு பிடுங்கிவிட வேண்டும். கலவன் எடுப்பது என்போம். மூன்று வருடங்களுக்கு முன், கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில் அந்த வேலைக்கு நான் மட்டும்தான் வந்திருந்தேன். செந்தாமரை அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். எதைப் பிடுங்க வேண்டும் என்று குரல் செய்தி அனுப்பியிருந்தார்.

பாத்தியில் இரண்டு வகைப் பயிர் நின்றது. ஒன்றில் நெல்மணி நுனியில் நீளமாக மீசை இருந்தது, மற்றதில் இல்லை. மீசை இல்லாததுதான் அதிகம். நான் கணக்கு வாத்தியார். அதிகமாக இருப்பதுதான் அசல், குறைவாக இருப்பதுதான் கலப்பு என்று என் மூளை முன்பே முடிவு கட்டிவிட்டது. செய்தியைப் போட்டேன். "சார், மீசை இருக்கறதுதான் சார்..." என்று அவர் ஆரம்பித்தார். நான் நினைத்ததையேதான் சொல்கிறார் என்று அங்கேயே நிறுத்திவிட்டு வயலில் இறங்கினேன். இரண்டு மணி நேரத்தில் மீசை வைத்த பயிர் அத்தனையையும் பிடுங்கி வாழைக் குழியோரம் குவித்தேன். முதுகு நிமிர்த்திப் பார்த்தபோது பாத்தி ஒரே சீராக இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நாலு மணி பஸ்ஸில் செந்தாமரை நேராகப் பண்ணைக்கு வந்தார். வரப்பில் நின்று பாத்தியைப் பார்த்தார். வாழைக் குழியைப் பார்த்தார்.

"சார், நான் பேசனத முழுசா கேட்டீங்களா?"

அவர் எதிரிலேயே போட்டேன். "சார், மீசை இருக்கறதுதான் சார் நம்பளுது. அத்த விட்டுட்டு மீதிய புடுங்கிடுங்க. போன தபா களத்துல வெள்ளை நெல்லு கலந்திடிச்சி, அதான் ஜாஸ்தியா நிக்கும், ஏமாந்துடாதீங்க." இருவரும் கடைசிவரை கேட்டோம். மன்னிப்பு என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பரவால்ல சார். நீங்க கெளம்புங்க, திண்டிவனம் வண்டி போயிடும்" என்றார். நான் கிளம்பினேன். அதைத்தான் நான் எப்போதும் நன்றாகச் செய்வேன்.

அடுத்த வாரக் கூட்டம் உங்களுக்கே தெரியும். நாலாம் பாத்தியில் என்ன ஆயிற்று என்று கோவிந்தன் கேட்டார். நான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் செந்தாமரை எழுந்து, "நான்தான் மாத்தி சொல்லிட்டேன். சார் நான் சொன்னபடிதான் செஞ்சாரு" என்றார். அந்தக் குரல் செய்தியைப் போட்டுக்காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், "மீன் புடிக்கற ஊட்டுப் பொண்ணுக்கு நெல்லப் பத்தி இன்னா தெரியும்?" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். சத்தமாக இல்லை, ஆனால் சிரித்தேன். செந்தாமரை என் முகத்தைப் பார்த்தார். அந்த மாதமே நெல் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துக் காய்கறி விதையோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னோம். பதிவேட்டில் கெடார் சிவப்பு இருந்த பக்கத்தில் சிவப்பு மையால் 'அழிந்தது' என்று எழுதப்பட்டது. எழுதியவன் நான்.

கூட்டம் முடிந்து அன்று திரும்பும்போது பேருந்தில் உட்கார்ந்து அந்தக் குரல் செய்தியை அழித்தேன். யாராவது கேட்டுவிட்டால் என்ற பயம். அவர் போனபிறகு அவர் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. போனைக் குடைந்தேன். என்னிடம் அவருடைய குரல் ஒன்றுகூட இல்லை.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பின்னால் ஒருமுறை கேட்டேன். கொத்தவரை விதை புடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "உங்கள நம்பித்தான் ஸ்கூலு புள்ளைங்கள இந்தப் பண்ணைக்கு அனுப்பறாங்க சார். உங்க பேரு கெட்டா அதுங்க வராது. எனக்கு இன்னா, நாலு பேரு நாலு வார்த்தை பேசுவாங்க, அவ்வளவுதான்" என்றார். நான் நிம்மதியடைந்தேன். அதைத்தான் இப்போது என்னால் மன்னிக்க முடியவில்லை. மூன்று வருடம் ஞாயிறுதோறும் அவர் பக்கத்தில் நின்று வேலை செய்தேன். ஒரு கூட்டத்தில், ஒரே ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று நான்கு வாக்கியம் பேசியிருக்கலாம்.

காரியம் முடிந்த மறுவாரம் புதன்கிழமை காலை, நான் தனியாகப் பண்ணையில் இருந்தபோது ஏழுமலை வந்தார். பைக்கின் பின்னால் ஒரு சின்னச் சாக்கு கட்டியிருந்தது. "இத்த உங்ககிட்ட குடுக்கணும்னு சொல்லிக்கினே இருந்தா சார். அன்னிக்கி வாழைக் குழியிலேந்து நனைச்ச சாக்குல ஏதோ பயிர சுத்திக்கினு வந்து, துணி தொவைக்கற கல்லு பக்கம் சேத்துல நட்டா. பாதி செத்துப்போச்சி. மீதியில ஒரு கை நெல்லு வந்திச்சி. அத்தயே வருஷா வருஷம் போட்டுக்கினு வந்தா. ஒரு மணி பொங்க வுடல. கலப்பு இல்லன்னு உறுதியானப்பறம்தான் எடுத்தாருவேன்னு புடிவாதம்."

சாக்கைப் பிரித்தேன். மீசை வைத்த சிவப்பு நெல். கையில் எடுத்து ஒன்றைக் கடித்தேன். டக்கென்று உடைந்தது. உள்ளே நோட்டுத் தாளில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது. நாம் எல்லோரும் விதையோடு சீட்டு வைப்போம், ரகத்தின் பெயர் எழுதி. இதில் 'சார் புடுங்கனது' என்று எழுதியிருந்தது.

"அது இன்னா சார் பேரு?" என்று ஏழுமலை கேட்டார்.

"ஏதோ அடையாளத்துக்கு எழுதியிருப்பார்" என்றேன். அவர் செத்தபிறகும் அவர் கணவரிடம் பொய் சொன்னேன். இந்த ஐந்தாவது காகிதத்தை எழுத உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். ஞாயிறு கூட்டத்துக்கு ஏழுமலையையும் அழைத்திருக்கிறேன். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் இதைப் படிக்கப் போகிறேன்.

நாற்றங்காலுக்கு நேரம் நெருங்கிவிட்டது, இந்த மாதமே விதைத்தாக வேண்டும். நாலாம் பாத்தியில் போடுங்கள். பதிவேட்டில் நான் எழுதிய அந்தச் சொல்லை நானே அடித்துவிடுகிறேன். காப்பாற்றியவர் பெயர் செந்தாமரை என்று எழுதுங்கள். கெடார் சிவப்பு என்ற பழைய பெயரைத் திரும்ப வைக்க வேண்டாம். சீட்டில் அவர் எழுதியபடியே, எழுத்தைக்கூடத் திருத்தாமல் வையுங்கள். நெல் உங்கள் எல்லோருக்கும். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தப் பெயரை மட்டும்தான். புதிதாக வருகிறவர்கள் யார் அந்த சார் என்று கேட்பார்கள். என்னைக் காட்டுங்கள்.